வராத சைக்கிள்

கருங்கல் என்று அவளுக்குப் பேர் வைத்தது யாரென்று தெரியாது. ஓட்டுநர் தேர்வு மையத்துக்கு ஆள் கூட்டிக்கொண்டு வரும் டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர்களில் ஒருவராகத்தான் இருக்க வேண்டும். இருபத்துமூன்று வருஷமாக அவள் வேலை ஒன்றே ஒன்றுதான். லைசென்ஸ் கேட்டு வருகிறவர்களுக்குப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, இருபது நிமிஷம் அவர்கள் ஓட்டுவதைப் பார்த்து, மார்க் போட வேண்டும். வண்டி குதிக்கும், குலுங்கும், நடுரோட்டில் உயிரை விட்டுவிட்டு நிற்கும், மறுபடி கிளப்பினால் தவளை மாதிரி தாவும். அவள் முகத்தில் ஒரு சலனம் இருக்காது. சிபாரிசோடு வந்தவனும் ஒன்றுதான், குழைந்து குழைந்து சிரித்தவனும் ஒன்றுதான். "அந்தம்மாகிட்ட யார் பருப்பும் வேகாது" என்று மாஸ்டர்கள் முணுமுணுப்பார்கள். அதில் அவளுக்கு உள்ளூரப் பெருமை. பெருமைப்பட வேண்டிய விஷயம்தானே?

அவள் வீட்டுக்காரர் தையல்காரர். உடம்பு விஷயத்தில் அவளுக்கு நேர் எதிர். பஸ் ஏறினால் மூன்றாவது நிறுத்தத்துக்குள் முகம் வெளுத்து, நான்காவதில் தலை ஜன்னலுக்கு வெளியே போய்விடும். கல்யாணத்தன்றே காரில், அவள் புதுத்துணி மேலேயே ஆரம்பித்து வைத்த மனுஷர். முப்பது வருஷமாக அவரைக் கிண்டல் பண்ணியே அவள் பொழுதைப் போக்கியிருக்கிறாள். "ஊஞ்சலைப் பாத்தாலே ஓடிடுவார் எங்க வீட்டு வீரர்" என்று உறவுக்காரர்கள் நடுவே சொல்லிச் சிரிப்பாள். அவரும் சேர்ந்து சிரிப்பார், பாவம்.

ஐம்பத்துமூன்று வயதில் அவள் சிரிப்புக்கு ஆபத்து வந்தது. ஒரு காலை, ரவுண்டானாவில் ஒரு பையன் ஸ்டியரிங்கை இப்படியும் அப்படியும் ஆட்டி வளைத்தபோது, அவள் வாயில் திடீரென்று உமிழ்நீர் ஊறியது. நெற்றியில் வேர்வை. காலையில் தின்றது சேரவில்லை என்று நினைத்தாள். மறுநாள் ஒன்றுமே தின்னாமல் போனாள், இன்னும் மோசம். ஒரு வாரத்தில், நாளொன்றுக்கு ஆறு தேர்வு என்றால் நாலில் வயிற்றைப் புரட்ட ஆரம்பித்தது.

டாக்டரம்மா காதுக்குள் வெளிச்சம் அடித்துப் பார்த்தார். "கண்ணு ஒண்ணு சொல்லுது, காதுக்குள்ள இருக்கறது வேற ஒண்ணு சொல்லுது. ரெண்டும் ஒத்துப்போகலேன்னா வயிறு கலங்கும். இந்த வயசுல, மாதவிடாய் நிக்கற சமயத்துல, சிலருக்குப் புதுசா வரும்."

"எனக்கு ஒரு நாளும் வந்ததில்லையே டாக்டர்!"

"அதனாலதானே புதுசுன்னு சொல்றேன். மாத்திரை இருக்கு, ஆனா தூக்கம் தூக்கமா வரும். வண்டி ஓட்டற வேலையா நீங்க?"

"இல்ல. ஓட்டறவங்களைப் பாக்கற வேலை."

"அப்போ முழிப்பா இருக்கணுமே. இது வேண்டாம்" என்று சொல்லி, டாக்டரம்மா எழுதிய மருந்துச் சீட்டைக் கிழித்துப்போட்டார்.

வேறு வழியில்லாமல் வீட்டுக்காரரிடம் சொன்னாள். தையல் மெஷினை நிறுத்திவிட்டு அவர் ஒரு நிமிஷம் அவளையே பார்த்தார். பிறகு சிரித்தார் பாருங்கள், வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். முப்பது வருஷத்துப் பாக்கியை ஒரே தவணையில் தீர்த்துக்கொண்டார். அவள் முகம் போன போக்கைப் பார்த்ததும்தான் சிரிப்பு நின்றது.

"சரி, சரி. இங்க வா, உக்காரு. இந்த விஷயத்துல நான்தான் உனக்கு சீனியர். காலி வயித்தோட போகாதே, நிறைய தின்னுட்டும் போகாதே. ரெண்டு பிஸ்கட் போதும். இஞ்சித் துண்டு ஒண்ணை அடக்கி வெச்சுக்கோ. ஜன்னல் கண்ணாடி எப்பவும் திறந்திருக்கணும். தலையைச் சாய்ச்சு சீட்டோட ஒட்டிக்கோ, ஆட விடாதே. தூரத்துல அசையாம நிக்கற எதையாவது பாரு. முக்கியமா, கீழ குனியாதே. குனிஞ்சா செத்தே."

"குனியாம எப்படி மார்க் போடறது?"

"ஓட்டறவங்களுக்கு இந்தத் தொல்லை வராதும்மா. வளைவு வருதுன்னு கைக்கு முன்னாடியே தெரிஞ்சிடும். பக்கத்துல உக்கார்றவங்களுக்குத்தான் தலைவலி" என்றார். அவள் வாழ்க்கையோ பக்கத்து சீட்டில்தான்.

அவளும் விடவில்லை. மார்க் தாளை விசிறி மாதிரி எட்டாக மடித்தாள். ஒரு மடிப்புக்கு ஒரு தலைப்பு. கண்ணாடி பார்த்தல் முதல் மடிப்பு, சிக்னல் இரண்டாவது, ஓரங்கட்டுதல் ஏழாவது. கண்ணைத் தூரத்தில் தெரியும் மேல்நிலைத் தண்ணீர்த் தொட்டி மேல் வைத்துக்கொண்டே, விரலால் மடிப்பைத் தடவி, பென்சிலால் கோடு போடப் பழகினாள். வீட்டில் கண்ணை மூடிக்கொண்டு பயிற்சி எடுத்தாள். உருப்படியாகத்தான் வந்தது. இஞ்சியின் காரத்தில் நாக்கு பொத்துப்போனது, மூன்று மாதத்தில் நாலு கிலோ இளைத்தாள். ஆனாலும் ஒருத்தருக்கும் தெரியாமல் ஓட்டிக்கொண்டிருந்தாள்.

ஏன் இப்படி உயிரைக் கொடுத்து மறைக்க வேண்டும்? மையத்தின் கீழ்த்தளத்தில் பழைய ஃபைல் அறை இருக்கிறது. ஜன்னல் கிடையாது. தேர்வெடுக்கத் தகுதி இல்லாதவர்களை அங்கேதான் அனுப்புவார்கள். கண் மங்கிப்போன ஒருவர் நாலு வருஷம் முன்னால் இறங்கிப் போனார். இப்போது மேலே யாருக்கும் அவர் பேர் நினைவில்லை. "கீழ இருக்கறவர்" என்கிறார்கள். அந்தப் படிக்கட்டைத் தாண்டும்போதெல்லாம் கருங்கல் வேகமாக நடப்பாள். வேறு என்ன தெரியும் அவளுக்கு? சமையல்கூட வீட்டுக்காரர்தான்.

அந்தச் செவ்வாய்க்கிழமை மத்தியானம், கடைசித் தேர்வு. வந்தவள் ஒரு பெரிய சலவைக்கூடத்தில் இஸ்திரி போடுகிறவள், நாற்பது வயதிருக்கும். பதினெட்டு வருஷம் நின்றே வேலை பார்த்ததில் கெண்டைக்கால் நரம்பெல்லாம் சுருண்டு முடிச்சுப் போட்டிருந்தன. ஏற்கெனவே இரண்டு முறை ஃபெயில். மூன்றாவதும் போனால் ஆறு மாதம் கழித்துத்தான் மறுபடி வர முடியும், அது விதி.

"எங்க கூடத்துல டெலிவரி வேன் ஓட்டறவர் வேலையை விட்டு நின்னுட்டாரு மேடம்" என்றாள் பெல்ட்டை மாட்டிக்கொண்டே. "லைசென்ஸோட வந்தா அந்த வேலை உனக்குத்தான்னு முதலாளி சொல்லிட்டார். சனிக்கிழமை வரைக்கும்தான் டைம். உக்காந்து பாக்கற வேலை மேடம்!"

"பேசாம ஓட்டும்மா" என்றாள் கருங்கல்.

நன்றாகத்தான் ஓட்டினாள். சும்மா சொல்லக்கூடாது, அன்றைய ஆறு பேரில் அவள்தான் பரவாயில்லை. ஆனால் காரில் முந்தைய ஆள் பூசிக்கொண்டு வந்த சென்ட் வாடை குப்பென்று நின்றது. வெயில் வேறு. கால்வாய் ஓரத்து வளைவில் வண்டி திரும்பும்போது கருங்கல்லின் விரலிலிருந்து பென்சில் நழுவிக் காலடியில் விழுந்தது. பழக்கதோஷம், குனிந்தாள்.

குனிந்தவள் நிமிர்வதற்குள் உலகமே ஒரு பக்கமாகச் சாய்ந்தது. குடல் தொண்டைக்கு வந்தது. எதையாவது பிடித்துக்கொள்ள வேண்டும், எதையாவது நிறுத்த வேண்டும், அவ்வளவுதான் அந்த நொடியில் தெரிந்தது. கால் தானாகப் போய் அமுக்கியது. தேர்வு காரில் அவள் பக்கமும் ஒரு பிரேக் உண்டு. கீச்சென்று வண்டி நின்றது.

தேர்வெடுக்கும் அதிகாரி பிரேக்கை அமுக்கினால் தேர்வு அங்கேயே முடிந்தது, ஓட்டுகிறவர் ஃபெயில். ஆபத்து வந்தால் மட்டுமே அமுக்குவார்கள் என்பதால் அப்படி ஒரு விதி.

இஸ்திரிக்காரி பேயறைந்தவள் மாதிரி இருந்தாள். "என்ன ஆச்சு மேடம்? யாரு குறுக்க வந்தது? நான் பாக்கலையே!"

வாயைத் திறந்தால் வாந்தி வரும். கருங்கல் மூச்சைப் பிடித்து ஒரே ஒரு வார்த்தை சொன்னாள். "சைக்கிள்."

அந்த வார்த்தையையே காரணம் என்ற கட்டத்திலும் எழுதினாள். இருபத்துமூன்று வருஷத்தில் அந்தத் தாளில் அவள் எழுதிய முதல் பொய்.

அன்று சாயங்காலம் வீட்டில் தட்டை நகர்த்திவிட்டாள். வீட்டுக்காரரிடம் எதையும் மறைக்கத் தெரியாது, கொட்டிவிட்டாள்.

"சொல்லிடேன். தப்பா அமுக்கிட்டேன்னு சொல்லிடு."

"ஏன் அமுக்கினேன்னு கேப்பாங்கல்ல? அப்புறம் நேரா கீழதான்."

"அந்தப் பொண்ணு?"

"அவளுக்கு ஆறு மாசம்தானே. எனக்கு மிச்சம் இருக்கிற காலம் முழுக்க!" என்று கத்தினாள். கத்தி முடித்ததும் தனக்கே கேட்கச் சகிக்கவில்லை. அவர் மறுபேச்சுப் பேசாமல் போய் எலுமிச்சம்பழம் ஒன்றை நறுக்கிக்கொண்டு வந்து வைத்தார்.

புதன் போனது, வியாழன் போனது. வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு இஸ்திரிக்காரி மையத்துக்கு வந்து நின்றாள். அரைநாள் லீவு போட்டுவிட்டு வந்திருந்தாள். சண்டை போடத்தான் வந்திருக்கிறாள் என்று கருங்கல் தன்னைத் திடப்படுத்திக்கொண்டாள். சண்டையாக இருந்திருந்தால் சமாளித்திருப்பாள்.

"கோவிச்சுக்காதீங்க மேடம். ஒண்ணே ஒண்ணு கேக்கணும். அந்த சைக்கிள் எந்தப் பக்கத்துலேருந்து வந்துச்சு?"

"ஏம்மா?"

"அடுத்த தடவை பாக்கணும்ல. ரெண்டு நாளா சாப்பாட்டு நேரத்துல அந்த வளைவுல போய் நின்னு பாத்தேன். ஒரு பக்கம் மதில், இன்னொரு பக்கம் கால்வாய்க் கம்பி. சைக்கிள் வர வழியே தெரியலை. நேத்து கண் டாக்டர்கிட்டயும் போனேன். கண்ணு நல்லாத்தான் இருக்குன்னார். அப்போ எனக்குப் புத்தியிலதான் ஏதோ கோளாறு. அப்படிப்பட்டவ வேன் ஓட்டலாமா மேடம்? யாரையாவது ஏத்திட்டா? அதைத்தான் உங்ககிட்ட கேட்டுட்டுப் போகலாம்னு வந்தேன். நீங்கதான் உள்ளதை உள்ளபடி சொல்லுவீங்கன்னு எங்க மாஸ்டர் சொன்னார்."

கருங்கல் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். ஓடாத தரையில், அசையாத நாற்காலியில், அதே குமட்டல்.

"சைக்கிள் வரலை" என்றாள்.

"என்ன மேடம்?"

"எதுவுமே வரலை. எனக்கு வண்டியில வயித்தைப் புரட்டும். அன்னிக்கு மயக்கமா வந்து, தெரியாம அமுக்கிட்டேன். நான் சொன்னது பொய்."

இஸ்திரிக்காரி அழவில்லை, நன்றி சொல்லவும் இல்லை. எதற்குச் சொல்ல வேண்டும்? முகம் சிவந்தது. "மூணு நாளா என் கண்ணையே நான் நம்பலையே மேடம்" என்றாள். "நீங்க வயித்தைப் புரட்டுதுன்னு சொல்லியிருந்தா நான் என்ன, ஊருக்கெல்லாம் தம்பட்டமா அடிச்சிருப்பேன்?"

கருங்கல் எழுந்து நேராக மையத் தலைவர் அறைக்குப் போனாள். அவளைவிடப் பத்து வயது சின்னவர், நல்ல மனுஷர். கேட்டுவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"மேடம், வாயால சொன்னதோட விட்டுடுங்களேன். எழுதிக் கொடுத்தா நான் மேல அனுப்பணும். உங்க சீட் போயிடும்."

"எழுதாம அவங்க ஃபெயிலை அழிக்க முடியுமா?"

"முடியாது."

"பேப்பர் குடுங்க."

எழுதினாள். வியாதியை எழுதினாள், பொய்யை எழுதினாள், தேதி போட்டுக் கையெழுத்துப் போட்டாள். தலைவர் பெருமூச்சு விட்டார். "செவ்வாய்க்கிழமைத் தேர்வு ரத்து. மறுதேர்வு வெச்சாகணும். இன்னொரு அதிகாரி, தன் மகளோட பிரசவத்துக்காக ஊருக்குப் போயிருக்கார், வர ஒரு வாரம் ஆகும்."

"நாளைக்குள்ள வேணும் சார், இல்லேன்னா வேலை போயிடும்" என்றாள், பின்னாலேயே வந்து வாசலில் நின்ற இஸ்திரிக்காரி.

"உங்களைத் தேர்விலிருந்து எடுக்கற உத்தரவு திங்கட்கிழமையிலேருந்துதான் மேடம்" என்றார் தலைவர் கருங்கல்லிடம். "இன்னிக்கு உங்களால முடியுமா?"

முடியாது என்று அவள் உடம்பு மொத்தமும் சொன்னது. காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூட இறங்கவில்லை. காலி வயிறு, உச்சி வெயில், பையில் இஞ்சியும் இல்லை. இஸ்திரிக்காரியைப் பார்த்தாள். "நான் வரதுல உனக்கு சம்மதமா?"

"வாங்க" என்றாள் அவள். மேடம் என்று சொல்லவில்லை.

காரில் ஏறியதும் கருங்கல் செய்த முதல் வேலை, செருப்பைக் கழற்றிவிட்டு, இரண்டு காலையும் தூக்கி சீட்டின் மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்தது. இஸ்திரிக்காரி திரும்பிப் பார்த்தாள்.

"கால் பிரேக்ல இல்லையே?"

"இந்தக் காலை நான் நம்பலை. ஹேண்ட் பிரேக் கைக்கு எட்டும். மத்தபடி பிரேக் உன்கிட்ட இருக்கு. ஓட்டு."

முதல் ஐந்து நிமிஷம் தண்ணீர்த் தொட்டி துணை நின்றது. சந்தைத் தெருவில் தொட்டி மறைந்தது. ஒரு லாரி, ஒரு பஸ், நிறுத்தம், கிளப்பல், மறுபடி நிறுத்தம். கருங்கல் ஒரு கையால் தாளின் மடிப்பைத் தடவினாள், மறு கையால் மடியில் பிளாஸ்டிக் பையைப் பிடித்துக்கொண்டாள். வேர்வை கழுத்தில் ஓடியது. கடவுளே, இருபது நிமிஷம், வெறும் இருபது நிமிஷம் என்று மனசுக்குள் கெஞ்சினாள். கடவுள் வேறெங்கோ வேலையாக இருந்தார். பதினோராவது நிமிஷம் கால்வாய் வளைவு வந்தது. சீட்டின் மேல் மடங்கிக் கிடந்த வலது கால் தானாகத் துடித்தது. அதன் மேல் கையை வைத்து அழுத்திக்கொண்டாள்.

வளைவு தாண்டியதும் பையில் வாந்தி எடுத்தாள்.

இருபத்துமூன்று வருஷத்துக் கருங்கல், தேர்வுக்கு வந்தவள் பக்கத்தில், கண்ணில் நீர் முட்ட, ஓங்கரித்து ஓங்கரித்து எடுத்தாள். வெட்கத்தில் செத்துவிடலாம் போலிருந்தது. தலையைத் தூக்க முடியவில்லை; ஆனால் காது கேட்டது. டிக் டிக்கென்று சிக்னல் விழுந்தது. வேகம் குறைந்தது, ஒரு குலுக்கல் இல்லை. வண்டி ஓரமாக ஒதுங்கி, தூளியை நிறுத்துகிற மாதிரி நின்றது. ஹேண்ட் பிரேக் இழுபட்டது. கியர் நடுவுக்கு வந்தது. ஒரு தண்ணீர் பாட்டில் அவள் முழங்கையைத் தொட்டது.

"நீங்க சொல்லாம நிறுத்திட்டேன்" என்றாள் இஸ்திரிக்காரி. "மறுபடி ஃபெயிலா?"

கருங்கல் குனிந்தபடியே தாளைத் தடவினாள். ஏழாவது மடிப்பு, ஓரங்கட்டுதல். முழு மார்க்குக் கோடு போட்டாள்.

"நீங்க வேணா ஓட்டிட்டுப் போங்களேன். ஓட்டறவங்களுக்கு வராதாமே."

ஆசைதான். ஸ்டியரிங்கைப் பிடித்தால் ஐந்து நிமிஷத்தில் எல்லாம் அடங்கிவிடும். "நான் ஓட்டினா இந்தத் தேர்வு செல்லாது" என்றாள் வாயைத் துடைத்துக்கொண்டு. "இன்னும் எட்டு நிமிஷம் பாக்கி. கிளப்பு."

அந்த எட்டு நிமிஷத்தில் இன்னும் இரண்டு முறை எடுத்தாள், ஒன்றுமில்லாத வயிற்றிலிருந்து கசப்பு மட்டும். கால் கீழே இறங்கவில்லை.

மையத்து வாசலில் வண்டி நின்றபோது கால் இரண்டும் மரத்துப்போயிருந்தன. அசையாத காரில் உட்கார்ந்து தாளைப் பிரித்தாள். அதிகாரி பிரேக்கைப் பயன்படுத்தினாரா என்ற இடத்தில் 'இல்லை' என்று எழுதினாள். முடிவு என்ற இடத்தில் 'தேர்ச்சி'. அதற்கும் கீழே, யாரும் எதுவும் எழுதாத குறிப்புக் கட்டம் ஒன்று உண்டு. அதில் நிறுத்தி நிதானமாக எழுதினாள்: 'செவ்வாய்க்கிழமை கால்வாய் வளைவில் சைக்கிள் எதுவும் வரவில்லை. ஓட்டியவர் பார்வையில் குறையில்லை. குறை அதிகாரியுடையது.'

இஸ்திரிக்காரி தாளை வாங்கிப் படித்தாள். 'தேர்ச்சி'யை ஒரு தடவைதான் பார்த்தாள். கீழே இருந்ததை உதடு அசைய மூன்று தடவை படித்தாள்.

"இதை எனக்கு ஒரு காப்பி எடுத்துத் தருவீங்களா மேடம்? வீட்ல காட்டணும். குருடியைக் கட்டிக்கிட்டேன்னு மூணு நாளா எங்க வீட்டுக்காரர் பண்ற கிண்டல் தாங்கலை."

கருங்கல்லுக்குச் சிரிப்பு வந்தது, கூடவே அழுகையும் வந்தது. இரண்டையும் அவள் அடக்கவில்லை. இஸ்திரிக்காரி கதவைத் திறந்துவிட்டு, சீட்டுக்கு அடியில் கிடந்த செருப்பைக் காலால் அவள் பக்கம் தள்ளி, "மெதுவா இறங்குங்க, கால் மரத்திருக்கும். எனக்குத் தெரியும்" என்று கையை நீட்டினாள்.

காப்பி எடுக்கும் மெஷின் கீழ்த்தளத்தில், ஃபைல் அறைக்கு வெளியேதான் இருந்தது. கருங்கல் சுவரைப் பிடித்துக்கொண்டு அந்தப் படிக்கட்டில் இறங்கினாள். அறைக்குள்ளிருந்து கீழே இருக்கிறவர் தலையைத் தூக்கி, யாரது என்று கேட்டார். அவள் தன் பேரைச் சொன்னாள். பிறகு அவர் பேரைக் கேட்டுக்கொண்டு, தாளை மெஷினில் வைத்து, இஸ்திரிக்காரிக்கு ஒன்று, தனக்கு ஒன்று என்று இரண்டு காப்பி எடுத்தாள்.